காலனைசேஷன் (1994): ஊர் ஊராக மூளும் புரட்சி

பிரையன் ரெனால்ட்ஸும் சித் மெய்யரும் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய கணினி விளையாட்டு இது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்கில் ஒன்றின் பெயரால் 1492இல் அமெரிக்கக் கரையில் இறங்குகிறோம். நம்மை அனுப்பிய அரசனின் படையையே கடைசியில் தோற்கடித்தால்தான் வெற்றி. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் இன்றும் நன்றாக ஓடுகிறது.

சுதந்திர உணர்வை இந்த விளையாட்டு ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. அதுதான் இதன் உயிர். நகர மன்றத்தில் உட்கார்த்தப்படும் ஆள் விடுதலை மணிகளை, அதாவது சுதந்திர உணர்வை வளர்க்கும் புள்ளிகளை, தருவார்: சாதாரணக் குடியேறி என்றால் 3, தேர்ந்த அரசியல்வாதி என்றால் 6. அச்சகம் கட்டினால் அதில் பாதி கூடும், செய்தித்தாள் வந்தால் இரட்டிப்பாகும். ஊரில் பாதிப்பேர் விடுதலைப் பக்கம் சாய்ந்ததும் எல்லா வேலையிலும் ஆளுக்கு 1 கூடுதலாக விளையும். முழு ஊரும் சாய்ந்தால் 2. மன்றத்தைக் காலியாக விட்டு ஊரை மட்டும் வளர்த்தால் அரச விசுவாசிகள் பெருகி விளைச்சல் சரியும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒட்டுமொத்த ஆதரவு 50 விழுக்காட்டைத் தொட்டால் சுதந்திரப் பிரகடனம் செய்யலாம்.

அரசன் வரியை ஏற்றும்போது மறுத்தால், 1773 பாஸ்டன் துறைமுகத்தில் நடந்ததுபோல் சரக்கு கடலில் கொட்டப்படும். அந்தப் பொருளை அதன்பின், நிலுவை வரியைக் கட்டும்வரை, ஐரோப்பாவில் விற்கவோ வாங்கவோ முடியாது. புகையிலை என்றால் சமாளிக்கலாம், சுருட்டாக்கி விற்றுவிடலாம். கருவிகளோ துப்பாக்கிகளோ என்றால் யோசித்து மறுங்கள். தாதுவைக் கருவியாக்கக் கொல்லரும், கருவியைத் துப்பாக்கியாக்க ஆயுதச்சாலையும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒரு குதிரைவீரனுக்கு 50 துப்பாக்கி, 50 குதிரை. கிடங்கு இல்லாத ஊரில் ஒரு பொருளில் 100தான் தங்கும், மிச்சம் வீணாகும். ஆகவே பல ஊர்களில் பிரித்துச் சேமியுங்கள்.

போரில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள காட்டை வெட்டாதீர்கள். கரையிறங்கும் அரச படையை அங்கே தாக்கினால் நிலத்தின் பாதுகாப்பு பதுங்கித் தாக்கும் நமக்கே பலமாக வந்து சேரும். பீரங்கியை மதிலுக்குள்ளேயே வையுங்கள், வெட்டவெளியில் அது சட்டென்று விழும். போர் மூண்டபின்பும் மணிகளை நிறுத்தக் கூடாது. போதுமான அளவு சேர்ந்தால், 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களுடன் கைகோத்ததுபோல், வேறொரு ஐரோப்பிய நாடு படையனுப்பும். இந்தக் கடைசிக் கட்டம் மட்டும் தேவைக்கு மேல் நீள்கிறது.

பெரிய குறை வேறு. கரும்பும் புகையிலையும் பருத்தியும் இருக்கின்றன. அவற்றை விளைவித்த ஆப்பிரிக்க அடிமைகள் எங்கும் இல்லை. பிரான்ஸாக ஆடினாலும் 1791இல் பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங்குவில் (இன்றைய ஹைட்டி) அடிமைகள் எழுந்ததைப் போன்ற ஒரு புரட்சிக்கு இங்கே வழியில்லை. காலனிகளின் விடுதலையைச் சொல்லும் விளையாட்டில் இதை ஏற்கவே முடியாது.

புதிதாக ஆடுபவர்களுக்கு நெதர்லாந்து பொருத்தம். பெரிய வணிகக் கப்பலோடு தொடங்கலாம், விற்கும் பொருளின் விலையும் அவ்வளவாகச் சரியாது.