எழும்பூர் முதல் நெல்லை வரை: உடன் பயணித்தவர்கள் சொன்ன சாப்பாட்டுக் கடைகள்

சென்னை எழும்பூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய பிறகு, சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் என் போன்றவர்கள் இரவு முழுவதும் படுக்கையில் புரளாமல், பிற்பகலில் ஏறி அன்றிரவே நெல்லையில் இறங்கிவிட முடிகிறது. அந்த ரயிலின் வேகத்தையும் இருக்கையையும் பற்றி வேண்டிய அளவுக்குப் பலரும் எழுதிவிட்டதால், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, தென்மாவட்டங்களில் எங்கே, எப்போது, எதைச் சாப்பிட வேண்டும் என்று உடன் வந்தவர்களிடமிருந்து கிடைத்த தகவல்தான்.

பேச்சு தொடங்கக் காரணமாக இருந்தது சாப்பாட்டுத் தட்டு. இந்த ரயிலில் உணவு வேண்டுமா, வேண்டுமென்றால் சைவமா அசைவமா என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டணம் குறைகிறது. எங்கள் பெட்டியில் தட்டு வாங்கியவர்களும் வீட்டுப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தவர்களும் அடுத்தடுத்து அமர்ந்திருந்தார்கள். சன்னல்கள் திறக்க முடியாதவை, கதவுகள் தானாக மூடிக்கொள்பவை, நிற்கும் நேரமோ மிகக் குறைவு என்பதால் நடைமேடை வியாபாரிகளுக்கு இங்கே இடமே இல்லை. திருச்சியைத் தாண்டியதும் ரயில் நிற்காமல் மணப்பாறையைக் கடந்தபோது, முறுக்கு வாங்க முடியாமல் போன வருத்தத்தை எதிர்வரிசையில் இருந்த பெரியவர் உரக்கவே சொன்னார். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்று மற்றொருவர் நினைவூட்ட, குறியீடு கிடைத்து என்ன பயன், வாங்குவதற்கு வண்டி நிற்க வேண்டுமே என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதன்பின் அந்த வரிசையில் எவரும் கைபேசியைப் பார்க்கவில்லை.

அங்கே கிடைத்த தகவல்களில் மிகவும் நம்பத்தக்கவை என் பக்கத்து இருக்கையில் இருந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி சொன்னவை. மாதத்தில் பாதி நாள்கள் திண்டுக்கல், மதுரை, விருதுநகர் என்று சுற்றுகிறவர். சொந்தக் காசில், பெரும்பாலும் தனியாக, மருத்துவர்களைப் பார்க்கக் காத்திருக்கும் நேரங்களுக்கு இடையில் சாப்பிடுகிறவர். பிற்பகல் மூன்றரை மணிக்கு எந்த மெஸ்ஸில் இன்னும் குழம்பு மீதமிருக்கும், எங்கே கேட்காமலே இரண்டாம் முறை ரசம் ஊற்றுவார்கள் என்பதெல்லாம் இவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் கேட்கக் கூடாதா என்றேன். நகருக்குள் அவர்கள் தாங்களே சாப்பிடும் கடையைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள், ஆனால் நெடுஞ்சாலையில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் முடிவுக்கு விடக் கூடாது, ஏனெனில் வழியோர உணவகங்கள் பலவற்றில் ஓட்டுநருக்குச் சாப்பாடு இலவசம் என்றார்.

அவர் பேசும் முறையில் ஒன்றைக் கவனித்தேன். கைபேசிச் செயலிகள் கடைக்கு நட்சத்திரம் கொடுக்கின்றன. அவரோ எந்தக் கடையையும் பொதுவாக நல்ல கடை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பண்டத்தையும் வேளையையும் சேர்த்தே சொன்னார். திண்டுக்கல்லில் சீரகசம்பா அரிசிப் பிரியாணியை மதியம் முதல் ஈட்டில் வாங்கிவிட வேண்டும். விருதுநகரில் எண்ணெயில் பொரித்த புரோட்டாவைப் பொழுது சாய்ந்த பிறகு, சால்னா கொதிக்கக் கொதிக்க இருக்கையில் சாப்பிட வேண்டும். மதுரையில் கறிதோசையைத் தேடிப் பகலில் அலையக் கூடாது, இட்லிக்கு இரவு பத்து மணிக்கு மேல் போனாலும் குறைவில்லை. காலையில் பொங்கலுக்குப் பேர்போன ஒரு கடையில் இரவு தோசை சாப்பிட்டுவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவரின் கருத்தும், அந்தப் பொங்கலுக்காகவே இருபது ஆண்டுகளாக வருகிறவரின் கருத்தும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக வெளிவரும்போது, அந்த எண்ணால் புதிதாக வருகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பது என் முடிவு.

அல்வாவைப் பற்றிச் சொன்னவர் முறுக்குப் பெரியவர்தான். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும் என்பதும், சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும் என்பதும் ஊரறிந்த செய்தி. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் பகலில் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு, சந்திப்பு ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரே மாதிரிப் பெயர்ப்பலகைகளோடு நிற்கும் கடைகளில் கிடைத்ததை வாங்கிச் செல்கிறார்கள் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். “அஞ்சு மணிக்கு முன்னாலயே போயி வரிசையில நின்னுடுங்க தம்பி. வாங்கின உடனே இலையில வச்சுச் சூடா கொஞ்சம் தின்னு பாத்துட்டு, பெறகு ஊருக்குக் கட்டச் சொல்லுங்க” என்றார். மறுநாள் அப்படியே செய்தேன். சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்த அந்தச் சூட்டை, சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பொட்டலத்தில் எதிர்பார்க்க முடியாது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் அவர் இரண்டே வரியில் முடித்தார்: முன்னதைச் சில நாள்களுக்குள் தின்றுவிட வேண்டும், பின்னது ஒரு மாதமானாலும் கெடாது. ஆகவே சிங்கப்பூர் நண்பர்களுக்குக் கடலைமிட்டாய் என்று தீர்மானித்தேன்.

இந்தப் பேச்சில் வாங்குவது மட்டும் போதாது; கொடுக்கவும் வேண்டும். பெரியவரின் மகள் அடுத்த சில வாரங்களில் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவதாக இருந்ததால், என் முறை தானாக வந்தது. சைவச் சாப்பாட்டுக்குச் சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் முர்தபா என்னும் கறி பொதிந்த புரோட்டா போடும் சம்சம் உணவகம், மீன்தலைக் கறிக்கு ரேஸ்கோர்ஸ் சாலையில் இருக்கும் வாழையிலை உணவகங்கள், அன்றாடச் சிக்கனத்துக்குத் தேக்கா நிலையத்தின் உணவங்காடி என்று சொல்லிவிட்டு, சிங்கப்பூரில் விலைப்பட்டியலில் காண்பதோடு பெரும்பாலான குளிரூட்டிய உணவகங்கள் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்க்கும் என்று எச்சரித்தேன். உணவங்காடியில் மேசைமேல் ஒரு கைக்குட்டைத்தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள் என்றபோது, நம்மூர்ப் பேருந்தில் சன்னல் வழியே துண்டு போடுவது போலத்தானே என்று பெரியவர் உடனே பிடித்துக்கொண்டார்.

இனி, பணம் செலுத்துவது. தென்மாவட்டங்களில் பெட்டிக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டையைச் சிறிய மெஸ்களில் நீட்டுவதில் பயனில்லை. சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்ணை வைத்தே யுபிஐ பயன்படுத்த 2023இல் வழிவகை செய்யப்பட்டது உண்மைதான் என்றாலும், அதற்கு இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். சிங்கப்பூரின் பணப்பரிமாற்ற முறையான பேநவ்வுக்கும் யுபிஐக்கும் இடையே அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய இணைப்பு தனிநபர்களுக்குப் பணம் அனுப்பத்தானே தவிர, கடையில் பில் கட்டுவதற்கு அன்று. எனவே நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களைப் போதிய அளவில் வைத்திருப்பதே நல்லது. பழைய பயணத்தில் மிஞ்சிய இரண்டாயிரம் ரூபாய்த் தாள் பெட்டிக்குள் இருந்தால் அதைக் கல்லாவில் நீட்ட வேண்டாம். 2023 மே மாதத்தில் அது புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

குளிரூட்டிய அறையில் அமர்ந்தால் வரி கூடும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். 2017 நவம்பரிலிருந்து சாதாரண உணவகங்களில் இரண்டுக்குமே 5 விழுக்காடுதான். பில் கூடுவதற்குக் காரணம் அந்த அறைக்கென்று கடைக்காரர் வைத்திருக்கும் தனி விலைப்பட்டியல். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்ற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது. ஆனாலும் நகரத்தின் பெரிய உணவகம் ஒன்றில் அது என் பில்லில் ஏறியிருந்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் நீக்கினார்கள். மெஸ்களில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. இலையில் என்னென்ன விழுந்தது என்பதைப் பரிமாறியவரே கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அந்தக் கணக்கு பிசகி நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் மதுரையில் தங்கி, அந்தப் பிரதிநிதி சொன்ன மெஸ் ஒன்றில் மதியம் அயிரை மீன் குழம்பு சாப்பிட்டேன். விரல் நீளமும் இல்லாத அந்த மீனை உயிரோடு வாங்கி, மண் வாடை போக அலசி, முழுதாகவே புளிக்குழம்பில் போடுகிறார்கள். கிண்ணத்தின் விலை ஒரு முழுச் சாப்பாட்டின் விலையைத் தாண்டியது. அதைக் கேட்டுத் தயங்கிக்கொண்டிருந்த பினாங்குத் தம்பதியர் ஒரே மேசையில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் போதும், வெள்ளைச் சோற்றில் எண்ணெய் மிதக்கும் மேல்பகுதியை முதலில் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் காரைக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே ‘பங்களா’ என்ற பெயருள்ள விடுதியில் செட்டிநாட்டு விருந்து இலையில் பரிமாறுகிறார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போனால் கிடைக்காது என்றார்கள். அடுத்த பயணத்தில் திருச்சியில் இறங்கிக் காரைக்குடி வழியாக ஊருக்குப் போவதென்றும், விமானச் சீட்டு எடுத்த அன்றே அந்த விருந்துக்கும் சொல்லிவைப்பதென்றும் குறித்துக்கொண்டேன்.