படம் நன்று, பத்தி சரியில்லை: குன்னூரில் ஓர் அறிமுகத் தொகுப்புச் சேவை

படுக மொழியிலும் தமிழிலும் பாடும் எங்கள் இருவர் குழுவுக்கு எந்த இசை நிறுவனத்தின் துணையும் இல்லை. நிகழ்ச்சி அமைப்பாளர், வானொலி நிலையம், இசைத் தளங்களில் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் பிளேலிஸ்ட் ஆசிரியர் என யாரை அணுகினாலும் அவர்கள் முதலில் கேட்பது ‘பிரஸ் கிட்’ எனப்படும் அறிமுகத் தொகுப்பைத்தான் என்பதால், குன்னூரில் உள்ள ஒரு சிறிய ஸ்டுடியோவிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தோம். புகைப்படங்கள், பயோ (குழுவைப் பற்றிய அறிமுகப் பத்தி), பாடலுக்கான கவர் ஆர்ட் (முகப்புப் படம்), போஸ்டர், இவை அனைத்தையும் சேர்த்த ஒரு பி.டி.எஃப் ஆகியவை அவர்களின் சேவையில் அடங்கும். கோயம்புத்தூரில் விசாரித்த கட்டணத்தைவிட இங்கு குறைவு. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் ஸ்டுடியோவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

புகைப்படங்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மலையில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வெயில் தெளிவதற்காகக் காத்திருப்பார்கள். இவர்களோ மூடுபனி இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பனி வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் முகத்தில் கடுமையான நிழல் விழுவதில்லை. அதே பனி படத்துக்கு ஒரு நீலச் சாயலையும் ஏற்றிவிடும் என்பதை அறிந்து, ஒவ்வோர் இடத்திலும் சாம்பல் நிற அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்துகொண்ட பிறகே எங்களைப் படமெடுத்தார்கள். அதனால் எங்கள் தோலின் நிறம் எங்கள் தோலின் நிறமாகவே வந்திருக்கிறது. பைக்காராவுக்கும் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கும் போக வேண்டும் என்று நாங்கள் விரும்பியபோது, வனத்துறை இடங்களிலும் பூங்காக்களிலும் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி தேவை என்று தெளிவாகச் சொல்லி, உரிமையாளரின் ஒப்புதலோடு ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையையே களமாக்கினார்கள். செய்தித்தாளுக்கு ஏற்றவாறு கிடைமட்டமாகவும், கைபேசித் திரைக்கு ஏற்றவாறு செங்குத்தாகவும், எழுத்து பதிக்கப் பக்கவாட்டில் வெற்றிடம் விட்டும் படங்களைக் கொடுத்திருப்பது அனுபவமுள்ளவர்கள் செய்யும் வேலை.

கவர் ஆர்ட் 3000 x 3000 பிக்சல் அளவில், சதுரமாக, இணைய முகவரியோ சமூக ஊடகக் கணக்கின் பெயரோ இல்லாமல் வந்தது. அப்படிப்பட்ட விவரங்கள் இருந்தால் இசைத் தளங்கள் படத்தை நிராகரித்துவிடும் என்பதால் இது முக்கியம். முதல் வரைவில் மட்டும் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் வெண்பனிப் பின்னணியில் முற்றிலும் கரைந்துபோயிருந்தன. கணினித் திரையில் சரியாகத் தெரிந்த தலைப்பு, கைபேசியில் விரல்நக அளவுக்குச் சுருங்கியதும் வேறொரு சொல்லாகிவிட்டது. சுட்டிக்காட்டியவுடன் தடித்த எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தமிழில் தலைப்பு வைப்பவர்கள் இதை அந்தச் சிறிய அளவிலேயே சரிபார்த்து வாங்குவது நல்லது.

பயோதான் இச்சேவையின் பெரிய பலவீனம். அவர்கள் எழுதிக் கொடுத்த பத்தியில் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்பது இருந்தது, நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது இருந்தது, தேயிலையின் மணமும் இருந்தது. நாங்கள் எந்த மொழியில் பாடுகிறோம், எந்தக் கருவிகளை வாசிக்கிறோம், இதுவரை எந்த மேடைகளில் பாடியிருக்கிறோம் என்ற விவரம் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பத்தியில் குழுவின் பெயரை மட்டும் மாற்றினால் ஒரு தங்கும் விடுதிக்கும் பொருந்தும். இதைவிட என்னை வருத்தியது, படுகப் பாடல் ஒன்றைத் ‘தோடர் மெட்டு’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் கோத்தர்களின் கொம்பையும் பறையையும் அலங்காரமாகச் சேர்த்திருந்ததுதான். படுகர், தோடர், கோத்தர் ஆகிய மூன்று சமூகங்களுக்கும் தனித்தனி மொழிகளும் தனித்தனிப் பாடல் மரபுகளும் உண்டு. கோத்தர்கள் மற்றச் சமூகங்களின் சடங்குகளில் வாசித்த வரலாறு உண்டு என்றாலும், அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் ஒரே ‘பழங்குடி இசை’ ஆக்கிவிட முடியாது. வெளியூர்க்காரர் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். குன்னூரிலேயே இருந்துகொண்டு இப்படி எழுதுவதை எப்படி ஏற்பது? இறுதியில் பயோவை நாங்களே எழுதிக்கொண்டோம்.

அனுப்பப்படும் இடத்துக்கு ஏற்ப எழுத்து மாற வேண்டும் என்பதையும் இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்பாடிஃபை இசைத் தளம் கலைஞர்களுக்கென நடத்தும் ‘ஸ்பாடிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ வழியாகப் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாடலைப் பரிந்துரைக்கும் படிவத்தில் விளக்கத்துக்கு 500 எழுத்துகள்தான் இடம். வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது 7 நாள் முன்பாகவாவது அதை அனுப்பினால்தான் நம்மைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்ற புதுப்பாடல் பட்டியலில் நாம் தேர்ந்த பாடல் இடம்பெறும். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு பக்க நீளமுள்ள ஒரே பத்தி; வானொலிக்கும் அதுதான், விழாக்குழுவுக்கும் அதுதான். மேடையில் யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், கருவிகளை ஒலியமைப்போடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் எத்தனை வேண்டும் என்பதைக் காட்டும் ஸ்டேஜ் பிளாட்டும் நாங்கள் கேட்ட பிறகே வரைந்து தரப்பட்டது. மே மாதக் கோடை விழாக் காலத்தில் ஒரே மேடையில் அடுத்தடுத்துக் குழுக்களை ஏற்றும் அமைப்பாளருக்கு, அழகான புகைப்படத்தைவிட அந்த ஒற்றைத் தாளே அதிகம் உதவும்.

கோப்பு ஒப்படைப்பு பரவாயில்லை. முதலில் தந்த பி.டி.எஃப் மிகவும் கனமாக இருந்தது. சிக்னல் தடுமாறும் கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்களில் அதைத் திறக்கவே முடியாது. எடை குறைந்த இன்னொரு பிரதியையும், படங்கள் அனைத்தும் உள்ள கோப்புறைக்கு ஒரே லிங்க்கையும் கேட்டவுடன் கொடுத்தார்கள். பாடலுக்கான லிங்க் கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்ததை முதல் பக்கத்தின் மேலே மாற்றச் சொல்லி வாங்க வேண்டியிருந்தது. போஸ்டரைப் பிளெக்ஸில் அடிக்காமல் துணியிலும் தாளிலும் அடித்துத் தந்தது பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையாக உள்ள இம்மாவட்டத்துக்குப் பொருத்தமே, மழைக்காலத்தில் தாள் சுருண்டுகொள்ளும் என்றாலும்.

முழுத் தொகுப்பையும் வாங்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். புகைப்படங்களையும் கவர் ஆர்ட்டையும் மட்டும் தனியாகச் செய்து தருகிறார்கள். விலைப்பட்டியலில் அது இல்லை, நேரில் கேட்க வேண்டும்.