கைக்குழந்தையோடு பாலி: சனூரா, கூட்டாவா?

8 மாதக் குழந்தையோடு பாலிக்குப் போகிறவர்களுக்கு சனூர், கூட்டா என்ற கடற்கரை ஊர்களில் என் ஓட்டு சனூருக்குத்தான். கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் பவளப்பாறைத் திட்டு இருப்பதால் பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும். கரைக்கு வருவது குளத்துநீர் மாதிரி. மகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தோம். முதல் அலை பாதத்தைத் தொட்டதும் கால்விரலை மடக்கிக்கொண்டாள். அடுத்ததற்குத் தானே காலை நீட்டினாள். கடலோரமாகவே தளம் போட்ட நடைபாதை நீளமாகப் போகிறது, தள்ளுவண்டி மணலில் சிக்காது. கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும். 5.30-க்கே நம்மை எழுப்பிவிடும் குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்! ஒன்று மட்டும்: வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். நீர் ஏறும் நேரத்தைக் காலையிலேயே விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

கூட்டா மேற்குக் கரை. விமான நிலையம் பக்கம், அந்தி அழகு, மணலும் அகலம். ஆனால் அது அலைச்சறுக்குக்காரர்களின் கடல், இழுப்பு அதிகம். தெருவில் ஸ்கூட்டர் நெரிசல், இரவில் பாட்டுச் சத்தம். ஓடியாடும் பிள்ளைகள் மணலில் விளையாடலாம், கைக்குழந்தைக்கு வேண்டாம்.

எங்கே தங்கினாலும் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. பால்மாவு கரைக்க பாட்டில் தண்ணீரையும் கொதிக்கவைத்தே எடுங்கள். அறையில் கெட்டில் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.