வழக்கொழிந்த ஆங்கிலச் சொல்லைத் தேட: ஆக்ஸ்ஃபோர்டா, எட்டிமான்லைனா?

ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள்.

செலவு: சொற்களின் வேரைச் சொல்லும் இணைய அகராதியான எட்டிமான்லைன் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியை முழுதாகப் படிக்கச் சந்தா வேண்டும். பிரிட்டனில் பல பொது நூலகங்களின் உறுப்பினர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆழம்: இதில்தான் பெரிய வித்தியாசம். 'நைஸ்' என்ற சொல்லையே பாருங்கள். லத்தீனில் 'நெஸ்கியுஸ்', அறியாதவன் என்று பொருள்; பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்றே அர்த்தம், அப்புறம் நுணுக்கம் பார்க்கிறவன், கடைசியில்தான் இனிமையானவன். இந்தக் கதையை எட்டிமான்லைன் சில பத்திகளில் முடித்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டோ ஒவ்வொரு அர்த்தத்துக்கும் எந்த ஆண்டு, எந்த நூலில், எந்த வரியில் வந்தது என்று வரிசையாக மேற்கோள் காட்டும், அதைப் படிக்கும்போது ஒரு சொல் தடம் மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதி என்பதில் ஆச்சரியமே இல்லை. ஒருமுறை சேர்த்த சொல்லை அவர்கள் நீக்குவதும் இல்லை. ஆனால் 1150-க்கு முன்பே செத்துப்போன சொற்கள் அதில் இருக்காது.

எளிமை: எட்டிமான்லைன்தான், சந்தேகமே வேண்டாம். ஃபோனிலேயே படிக்கலாம். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதர் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டும் அவருடைய ஆதாரங்களில் ஒன்று.

இரண்டு வாரத்தைக் குறிக்கும் 'ஃபோர்ட்நைட்' பதினான்கு இரவிலிருந்து வந்ததா என்று சட்டென்று பார்க்க எட்டிமான்லைன் தாராளமாகப் போதும். கட்டுரை எழுதுகிறவர், பழைய இலக்கியம் படிக்கிறவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போங்கள்.