முகமூடிகளுக்குப் பின்னால்: ஓட்டோ டிக்ஸ் எட்சிங்கின் மறுபதிப்பு

ஜெர்மானிய ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1924-இல் ‘போர்’ என்ற தலைப்பில் வெளியிட்ட 50 எட்சிங்குகளில் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து, அதிலிருந்து தாளில் அச்சிடும் படங்கள்) பலரும் அறிந்தது, நச்சுப்புகைக்கு நடுவே முன்னேறும் அதிரடிப் படையினரைக் காட்டும் படம். அதன் மறுபதிப்பு ஒன்றை மூலத்தின் அளவிலேயே, அச்சிட்ட விளக்கக் குறிப்புடன் வாங்கினேன். படத்துக்குக் கொடுத்த காசு வீணில்லை. குறிப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது.

போர் மனிதர்களை மிருகங்களாக்குவதே படத்தின் பொருள் என்று குறிப்பு முடித்துவிடுகிறது. முகமூடி அணிந்த ஐவரில் ஒருவன் கையெறிகுண்டை ஓங்கியிருப்பதும், வெளிறிய முகமூடிகளின் கண்குழிகள் மண்டையோட்டை நினைவூட்டுவதும் உண்மைதான். ஆனால் அவர்கள் யாரை நோக்கி வருகிறார்கள் என்ற கேள்வியைக் குறிப்பு எழுப்பவே இல்லை. முறிந்த மரங்களையும் முள்வேலியையும் தாண்டி அவர்கள் நம்மை நோக்கித்தான் வருகிறார்கள்; அதாவது, பார்ப்பவரின் இடம் எதிரணியின் பதுங்குகுழி. முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் ஜெர்மானியப் படையில் இயந்திரத் துப்பாக்கி இயக்கிய டிக்ஸ், தன் தரப்பினர் எதிராளியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பார்கள் என்பதை வரைந்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். மேலும், முகமூடி என்பது மூச்சுவிடுவதற்கானது. அச்சுறுத்துகிறவர்களும் அதே புகைக்குள்தான் இருக்கிறார்கள் என்பதை மறந்தால் படம் வெறும் பேய்க்கதையாகச் சுருங்கிவிடும்.

அச்சின் தரத்தைப் பொறுத்தவரை, அக்வாடின்ட் பகுதிகளில்தான் எந்த மறுபதிப்பும் தடுமாறும். தகட்டின்மேல் பிசின் தூளைப் படியவைத்துச் சூடாக்கி, துகள்களுக்கு இடையே அமிலத்தை அரிக்கவிடும் அந்த முறையில் கிடைக்கும் சாம்பல் நிறம் ஒரே சீராக இருப்பதில்லை. இப்பிரதியின் பின்னணியில் அந்தப் பொரிப்பொரியான தன்மை நன்றாகவே வந்திருக்கிறது. தலைக்கவசங்களின் அடர்கருமையில் மட்டும் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்டன. தகடு தாளில் அழுந்திய விளிம்புத் தடம் இதில் இல்லை. இயந்திர அச்சில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஏறத்தாழ 19க்கு 29 சென்டிமீட்டர் அளவே உள்ள படம் என்பதால், அகன்ற சுவரில் மாட்டினால் விவரங்கள் தொலைந்துபோகும். மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், அருகிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.