இமாட்டினிப் 400: அப்பா சாப்பிடும் மாத்திரை பற்றி

அப்பாவுக்கு இரைப்பைச் சுவரில் வந்த கட்டி ஜிஸ்ட் வகை என்று பயாப்ஸியில் தெரிந்ததும் எழுதிக் கொடுத்தது இமாட்டினிப் 400 மில்லிகிராம், தினம் ஒன்று. ஜிஸ்ட் மென்திசுப் புற்றுநோய்களில் ஒன்று, வழக்கமான கீமோ இதில் அநேகமாக எடுபடாது. அதனால்தான் இந்த மாத்திரை எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம்.

செல்லின் மேல் கிட் என்றொரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து சமிக்ஞை வந்து ஒட்டினால்தான் அது விழித்துக்கொண்டு, ராஸ், பிஐ3கே போன்ற பாதைகள் வழியாக உள்ளே "வளரு, பெருகு" என்று சொல்லியனுப்ப வேண்டும். பெரும்பாலான ஜிஸ்ட் கட்டிகளில் கிட் மரபணுவிலேயே பிழை விழுந்திருக்கும், யாரும் அழுத்தாமலே சிக்கிக்கொண்டு அலறும் காலிங் பெல் மாதிரி. 1998-இல் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். கிட் இயங்க, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து உட்கார வேண்டிய இடத்தை இமாட்டினிப் பிடித்துக்கொள்கிறது, சத்தம் அடங்குகிறது. அப்பாவின் அடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது, வீட்டில் எல்லோருக்கும் அன்றுதான் சோறு இறங்கியது.

ஒரு வருத்தம் உண்டு, அது மாத்திரை மேல் இல்லை. நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் மரபணுச் சோதனை பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நாங்களாகக் கேட்டுத்தான் செய்தோம். தயவுசெய்து கேளுங்கள். பிழை கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் இருந்தால் (அப்பாவுக்கு அதுதான்) 400 நன்றாகக் கேட்கும், எக்ஸான் 9 என்றால் 800 வரை யோசிப்பார்கள், பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற மாற்றம் என்றால் இந்த மாத்திரை ஏறக்குறைய வீண், அதற்கு அவாப்ரிடினிப் என்று வேறு மருந்தே இருக்கிறது.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கிவிடும், ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், டிபன் சாப்பிட்டதும் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டால் பரவாயில்லை. பப்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் கூடாது.

விலைக்கு வருவோம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மருந்தை உருவாக்கிய நோவார்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்ததால், மற்ற கம்பெனிகள் மலிவாகச் செய்யும் ஜெனரிக் அப்போது தடையில்லாமல் தொடர்ந்து கிடைத்தது. ஜெனரிக் மட்டும் இல்லையென்றால் எங்களால் வாங்கியிருக்க முடியாது.

நிறைய பேருக்குச் சில வருடங்களில் கிட்டில் இன்னொரு பிழை சேர்ந்து மருந்து கேட்காமல் போகிறது, அப்புறம் சுனிடினிப், ரெகோராஃபெனிப் என்று வேறு மருந்துகளுக்குப் போக வேண்டும். அதற்காக நன்றாக இருக்கும்போது நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா மெடிக்கலிலும் ஸ்டாக் இருக்காது, அட்டை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.