முயல் வேட்டைக்கு ரிவால்வர்: .22 எல்ஆரா, .22 மேக்னமா?

ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை) ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்), அதைவிட வலுவான .22 மேக்னம் என்ற இந்த இரண்டு தோட்டா வகைகளுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

செலவு: எல்ஆர் தோட்டா மலிவு, நிறைய சுட்டுப் பழகலாம். மேக்னம் விலை கூட.

தூரம்: எல்ஆர் என்றால் 25 கஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேக்னம் இன்னும் கொஞ்சம் எட்டும், ஆனால் அதன் முழு வேகம் ரைஃபிளின் நீண்ட குழலில்தான் வெளிப்படும், 4 அங்குலக் குழலில் வெடிமருந்தில் ஒரு பகுதி நெருப்பாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது, அப்புறம் தலையைக் குறிபார்க்கும் அளவுக்குக் கை நிற்காவிட்டால் எந்தத் தோட்டாவும் உதவாது.

சத்தம்: இரண்டுக்குமே காதுக் கவசம் வேண்டும். மேக்னம் கொடூரம்.

இறைச்சி: எல்ஆர் அதிகம் கெடுக்காது. மேக்னம் உடம்பில் பட்டால் அணிலில் மிச்சம் தேறுவது கஷ்டம்.

ரூகர் நிறுவனத்தின் சிங்கிள் சிக்ஸ் ரிவால்வரில் இரண்டுக்கும் தனித்தனி சிலிண்டரோடு (தோட்டாக்களைப் போடும் சுழல் உருளை) வரும் வகை உண்டு. மேக்னம் சிலிண்டரில் மட்டும் எல்ஆரைப் போடாதீர்கள், தோட்டா உட்காரும் அறை அகலம் என்பதால் தோட்டாக்கூடு வெடித்துப் பிளக்கும்.

அணில், முயலுக்கு எல்ஆர், 6 அங்குலக் குழல், சரி. நரி மாதிரிப் பெரிதாக ஏதாவது குறுக்கே வரும் இடமென்றால் மேக்னம்.